மோதிர விரல் நகம்

"மறுபடியும் பேந்துக்கிச்சு பாரு அம்மிணி" என்று கோகிலவாணி அக்கா இடது கையை மேஜைமேல் வைத்ததும், ஜெசிந்தாவின் கண் மற்ற நாலு நகங்களையும் விட்டுவிட்டு நேரே மோதிர விரலுக்குத்தான் போயிற்று. அங்கேதான் பேர்ந்திருக்கும் என்று முன்னமே தெரிந்து வைத்திருந்த கண் மாதிரி. முதலில் அவளைத் துணுக்குற வைத்தது அதுதான். செயற்கை நகத்துக்கும் சொந்த நகத்துக்கும் நடுவே, தோலை ஒட்டின அடிப்பக்கத்தில், ஒரு நெல்மணி அகலத்துக்கு வெள்ளையாய்க் காற்று புகுந்திருந்தது. இது ஐந்தாவது தடவை. பத்து நாளைக்கு ஒருமுறை, சொல்லிவைத்த மாதிரி, அதே விரல், அதே இடம். வேறு யாராவதாக இருந்தால் இந்த வெள்ளை கண்ணிலேயே படாது, பட்டாலும் ஒரு மாசம் ஓட்டிவிடுவார்கள். ஆனால் அக்காவின் கை அப்படிப்பட்ட கை அல்லவே. நகைக்கடையில் வேலை. போனில் வருகிற வீடியோக்களில், நீல வெல்வெட் துணிமேல் ஒரு கை மட்டும் வந்து மோதிரத்தைப் போட்டு மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டுமே, அந்தக் கை. முகம் வராது, குரல் வராது, ஊரெல்லாம் பார்க்கிற கைக்குப் பேர் கிடையாது. கேமராக்காரர் போன வாரமே சொல்லிவிட்டாராம்: "அக்கா, இன்னொருக்கா இப்படி வெள்ளை தெரிஞ்சா வேற கையைத்தான் பாக்கோணும்." அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மத்தியானம் வினோதா மேடம் வேறு. கிராஸ் கட் ரோட்டில் மூன்றாவது மாடியில் நாலு மேஜை போட்டு இந்த நக நிலையத்தை நடத்துகிற முதலாளி அவர். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "ஜெசி, இந்தத் தடவையும் தூக்குச்சுன்னா அவங்கள லாவண்யா டேபிளுக்கு மாத்திடறேன். உன்னையக் குத்தம் சொல்லலை. கை மாத்திப் பாக்கலாம்னுதான்" என்றார். கை மாற்றி. அந்த ரெண்டு சொல்லும் சாப்பிட்ட சோற்றோடு உள்ளே போய் இன்னும் இறங்காமல் நிற்கின்றன.

மிஷினை ஓடவிட்டுச் செயற்கை நகமாய் இறுகியிருந்த பழைய ஜெல்லை அரைத்து எடுக்கையில் வெள்ளைத் தூள் பறந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான், தூள் பறந்தால் நீச்சல்காரி மாதிரி மூச்சைப் பிடிப்பாள், மிஷினை நிறுத்தினால் பெருமூச்சாக விடுவாள். ஜெசிந்தாவுக்கு அந்த மூச்சு தெரியும், வலது சுட்டுவிரலில் இருக்கிற அரிவாள்மணைத் தழும்பு தெரியும், உள்ளங்கையில் ஒரு ரேகை நடுவழியில் நின்று பிறகு பக்கத்திலிருந்து மறுபடி கிளம்புவது தெரியும். வேறு யாருடைய கையும் இப்படித் தெரியாது. ஒரு நாளைக்கு ஆறு பேர், அறுபது விரல். செருப்பைக் கழற்றி வாசலில் விடுகிற மாதிரி கையை மேஜைமேல் விட்டுவிட்டு எல்லோரும் மனசோடு எங்கோ போய்விடுகிறார்கள். அவளும் கறுப்பு ரப்பர் கையுறை போட்ட கையால்தான் பிடிக்கிறாள், ரப்பருக்குள் விரல்கள் வியர்த்து வெளுத்து, சாயங்காலம் கழற்றும்போது தண்ணீரில் கிடந்த பிணத்தின் விரல் மாதிரி இருக்கும். சீ, என்ன நினைப்பு இது. ஆனால் அப்படித்தான் இருக்கும். கோகிலவாணி அக்கா வந்த முதல் நாள், கையுறையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ரப்பரு வேண்டாம் அம்மிணி. ஆஸ்பத்திரில தொடறாட்டம் இருக்குது. நாலு மாசம் அந்த ரப்பர் கையையே பாத்துட்டு வந்திருக்கறேன்." வாடிக்கையாளர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும் என்று கழற்றினாள். கழற்றிப் பிடித்தபோது அந்தக் கை திரும்பப் பிடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, விரல் நுனிகள் ஒரு கணம் அவள் விரல்மேல் அழுந்தின, கூட்டத்தில் குழந்தை புடவைத் தலைப்பைப் பிடிக்குமே அந்த அளவுக்கு. அன்றைக்கு விடுதிக்குப் போய் மூன்று கட்டில் போட்ட அறையில், மற்ற இரண்டு கட்டிலும் காலியாகி ஏழு மாசம் ஆன அறையில், உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள்: கடைசியாக யார் என் கையைப் பிடித்தது? கண்டக்டர் சீட்டைக் கொடுக்கிறார், விரல் படாமல். மாதா கோயிலில் பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லோரும் கைகூப்பித் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்கள். சத்தியமங்கலத்திலிருந்து அப்பா ராத்திரி போன் பண்ணி "சாப்டயா?" என்பார், "சாப்டேன்" என்பாள், "செரி, வெச்சுடறேன்" என்பார், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் பால் வாங்கப் போய் வாயைத் திறந்தால்தான் தெரிகிறது, விடிந்ததிலிருந்து பேசவே இல்லை என்று. குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வருகிறது.

சரி, நகத்தைப் பார். பழைய ஜெல் போய்ச் சொந்த நகம் வெளியே வந்தபோது அதன் மேல்தோல் ஒரு இடத்தில் உரிந்து சொரசொரவென்று இருந்தது. ஒவ்வொரு தடவை பேரும்போதும் ஒரு இழை சொந்த நகத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. வெங்காயம் மாதிரி, எத்தனை தோல்தான் இருக்கும் ஒரு நகத்துக்கு. இடுக்கில் ஈரம் தங்கிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். இல்லை. இன்னும் இல்லை. அடுத்த தடவை பிடிக்கலாம். பிடித்தால் மாசக் கணக்கில் அந்த விரலை வெறுமனே விட வேண்டும், வெல்வெட் துணிமேல் வேறு கை வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே தப்பு? முதல் தடவை பேர்ந்தபோது ஜெல் டப்பாதான் காரணம் என்று புதுசு திறந்தாள். ரெண்டாம் தடவை, "பாத்திரம் நீங்களேதான் கழுவறீங்களாக்கா?" என்று கேட்டாள், "பின்ன, ஆளா வெச்சிருக்கறேன்?" என்றாள் அக்கா, அப்போது தண்ணீர்தான் என்று முடிவு கட்டினாள். மூன்றாம் தடவை நகத்தடியில் ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வைச் சரியாகச் சுரண்டவில்லையோ என்று அரைமணி நேரம் சுரண்டினாள். நாலாம் தடவைதான் அந்த யோசனை சொன்னாள், சொன்னபோது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. வீட்டுக்காரரைக் குளிப்பாட்டும்போது நீளமான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னாள். அக்காவின் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தவர், வாதத்தில் வலது பக்கம் விழுந்து வருஷம் ஒன்றாகிறது, பேச்சும் போய்விட்டது. தினம் சாயங்காலம் வெந்நீர் வைத்து அக்காதான் குளிப்பாட்டுகிறாள், எண்ணெயும் தேய்க்கிறாள். எண்ணெய், வெந்நீர், சோப்பு, இதைவிட வேறென்ன வேண்டும் நகம் பேர? காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது என்று நினைத்தாள். பிடிபட்டிருந்தால் இன்றைக்கு ஏன் பேர்ந்திருக்கிறது? அதுவும் ஒரே விரலில்? தண்ணீர் என்ன, ஒரு விரலை மட்டும் தேர்ந்தெடுத்தா நனைக்கும்?

"அந்த ரப்பர் கையி போடறீங்களாக்கா?" என்று கேட்டாள், கேட்கும்போதே பதில் ஆமாம் என்றுதான் வரப்போகிறது என்று பயந்துகொண்டு. "போடாம? நீ சொன்னன்னைக்கே வாங்கிட்டேன், மஞ்சக் கலர்ல, முழங்கை வரைக்கும். அவருக்குத்தான் புடிக்கலை." அக்கா வலது கையால் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்தும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பேச்சுத்தான் வரமாட்டேங்குது, திருப்பறது மட்டும் நல்லா வருது. யாரோ நர்சம்மா வந்திருக்குதுன்னு நெனச்சுக்கறாராட்ட இருக்குது. நாந்தானுங்கன்னு சொல்றேன். கையப் பாக்கறாரு, என்ற மூஞ்சியப் பாக்கறாரு, மறுபடியும் கையப் பாக்கறாரு. நம்ப மாட்டேங்கறாரு அம்மிணி. கண்ணாலமாகிப் பதினெட்டு வருசத்துல இந்த மனுசன் என்னைய நம்பாம இருந்ததே இல்லை, சீட்டுக்காசக்கூட எண்ணிப் பாக்க மாட்டாரு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பக்கத்து மேஜையில் லாவண்யா ஒரு கல்லூரிப் பெண்ணின் நகத்தில் பூ வரைந்துகொண்டே, "மாமாவுக்கு மஞ்சக் கலர் ஆகாதோ என்னமோ, ரோஸ்ல வாங்குங்க" என்றாள். "உனக்குக் கண்ணாலமாகட்டும், அப்ப கேக்கறேன் கலரை" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், மேடம் கூடக் கல்லாவில் இருந்தபடி சிரித்தார். ஜெசிந்தாவும் சிரித்தாள். ஆனால் மஞ்சள் கை ஒன்று வெந்நீர் ஆவிக்குள்ளிருந்து நீண்டு வருவதும், ஒரு மனுஷர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, பார்த்தேயிராத ஆள், பார்த்தேயிராத குளியலறை.

அரத்தால் நகத்தின் பளபளப்பைத் தேய்த்து மங்கலாக்கினாள். பிரஷ்ஷால் தூளைத் தட்டினாள். ஈரமும் எண்ணெய்ப் பசையும் போகிற மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு நகமாகத் துடைத்தாள், சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல், கட்டைவிரல். துடைத்ததும் நகம் சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிடும், அது சரியான அடையாளம். இந்த நிலையில் நகத்தின்மேல் எதுவும் படக்கூடாது, மூச்சுகூட என்று பயிற்சி வகுப்பில் சொன்னது, எழுதி வைத்தது, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியது. இனி பிரைமர், ஜெல் நகத்தைப் பிடித்துக்கொள்வதற்கான அடிப்பூச்சு. சுண்டுவிரலில் தடவினாள், காய்ந்தது. அடுத்தது மோதிர விரல். இந்த விரல் ஒரு தனி ரகம். மற்ற விரலெல்லாம் தூக்கச் சொன்னால் தனியாகத் தூக்கும், மோதிர விரல் மட்டும் துணையில்லாமல் நிமிராது, நடுவிரலையும் சுண்டுவிரலையும் பார்த்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். யாருக்கும் அப்படித்தான். அதனால் அடியில் ஒரு விரலைக் கொடுத்து, மேலே கட்டைவிரலால் லேசாகப் பிடித்து, மேலே லேசாக... ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. அவளுடைய கட்டைவிரல் அக்காவின் மோதிர விரலுக்கு ஒரு நூல் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல், அவளைக் கேட்காமல், வீட்டுக்கு வழி தெரிந்த மாடு மாதிரி அது தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, நகத்தின் அடிப்பக்கத்துக்கு, அந்த நெல்மணி அகல இடத்துக்கு. மற்ற ஐந்து பேருக்கும் கையுறை உண்டு, இந்தக் கைக்கு மட்டும் கிடையாது. காலையில் தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், கைவறட்சிக்குப் பூசுகிற கிரீம், வியர்வை, எல்லாம் இந்த விரலில்தானே இருக்கிறது. தொட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு. அதன்மேல் ஜெல் உட்காரும், விளக்கில் இறுகும், பளபளக்கும், பத்தாம் நாள் பேரும். தெரியாதா? தெரியாமல்தானே செய்தேன். தெரியாமலா? மோதிர விரல் வந்ததும் அக்கா ஏதாவது பேச ஆரம்பிப்பாள், இவள் பிரைமரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள், கட்டைவிரலை எடுக்காமல். பத்தாம் நாள் அக்கா வருவாள். பேராமல் இருந்திருந்தால் மூன்று வாரம் ஆகும், நாலு வாரம்கூட ஆகும். போன தடவை ஒன்பதாம் நாள் காலையில் தலை வாரும்போது மனசு ஏன் அத்தனை லேசாக இருந்தது? கண் ஏன் இன்றைக்கு நேரே அந்த விரலுக்குப் போயிற்று? கட்டைவிரலே, நீ யாரைக் கேட்டுச் செய்தாய். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்கிற நான் யார்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மனசு கணக்குப் போட்டது, வெட்கமில்லாமல். தொட்டால் பேரும், அக்கா லாவண்யா மேஜைக்குப் போய்விடுவாள், இதே அறையில் நாலடி தள்ளி உட்கார்ந்து சிரிப்பாள். தொடாவிட்டால் நிற்கும், மூன்று வாரத்துக்கு வரமாட்டாள். இரண்டு பக்கமும் இழப்புத்தான், அப்படியிருக்க என்னத்துக்குக் குறுக்கே விழுந்து சொல்லப் போகிறாய், பேசாமல் இனிமேல் தொடாமல் இரு, யாருக்குத் தெரியப் போகிறது. அதுதான் நல்லது. அதுதான். ஆனால் அந்த மனுஷர் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே இருந்தார். கையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடியும் கையைப் பார்க்கிறார். என் விரலில் ரப்பர் வேண்டாமென்று அவரைத் தொடுகிற விரலில் கொண்டுபோய் மாட்டிவிட்டேனே. ஜெசிந்தா எழுந்தாள். சுவரில் தொங்குகிற பெட்டியிலிருந்து கறுப்புக் கையுறையை இழுத்தாள், ஒன்றுக்கு மூன்றாக வந்து விழுந்தது. "என்ன அம்மிணி, ரப்பரு?" என்றாள் அக்கா. குரலில் கோபமில்லை, வழியில் தெரிந்தவர் பார்க்காத மாதிரி போய்விட்டால் வருமே, அந்தக் குரல். "ஏனுங்க்கா, ஒண்ணு சொன்னா..." வந்தது ஞாயிற்றுக்கிழமைக் குரல். "பேந்ததுக்குத் தண்ணி காரணமில்லைங்க்கா. என்ற கட்டைவெரல்தான். தொடைச்ச நகத்தைத் தொடவே கூடாது. உங்களுக்கு மட்டும் வெறுங்கையில புடிக்கறனா, அதுல பட்டுட்டே இருந்திருக்குது. அஞ்சு தடவையும்." அக்கா அவளையே பார்த்தாள். கல்லாப் பக்கம் சில்லறை எண்ணுகிற சத்தம் நின்றது. மேடத்துக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "அப்ப அவருக்கு?" என்றாள் அக்கா. "கழட்டிப் போட்டுருங்க்கா அந்த மஞ்சளை. வெறுங்கையிலயே குளிப்பாட்டுங்க, எண்ணெய் தேயுங்க. அப்பறமா நல்லாக் கழுவி ஈரத்தைத் தொடைச்சுக்குங்க, போதும். ஒண்ணும் ஆகாது." "நெசமாவா?" "நெசந்தானுங்க்கா." அக்கா இடது கையை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அட, போ அம்மிணி. நான் என்னமோ என்ற ஒடம்புச் சூடுன்னு நெனச்சுப் போட்டு மோரா மோரா குடிச்சுட்டு இருந்தேன்" என்று சிரித்து, "தெரியாமப் பண்ணுனதுக்கு மூஞ்சிய ஏன் இப்படி வெச்சுக்கற" என்றாள். தெரியாமல் என்ற சொல் வந்து ஜெசிந்தாவின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகிற உத்தேசமே இல்லாமல்.

மறுபடி முதலிலிருந்து துடைத்தாள். மோதிர விரலைப் பக்கவாட்டில் பிடித்து நிமிர்த்தினாள், ரப்பர் கையால். பிரைமர், காய்ந்தது. ஜெல், தோலில் படாமல் ஒரு மயிரிழை தள்ளி, நகத்தின் நுனி விளிம்பையும் சுற்றி மூடி. ஜெல்லை இறுக்குகிற விளக்குப் பெட்டிக்குள் கை போயிற்று, ஊதா வெளிச்சத்தில் அக்காவின் கை யாருடையதோ போல் ஆகி, திரும்ப வெளியே வந்து அக்காவினுடையதாயிற்று. வலது கையும் முடிந்தது. அக்காவின் விரல்கள் நடுவில் ஒருதரம் அழுந்தினவா என்று தெரியவில்லை, அழுந்தியிருக்கலாம், ரப்பருக்கு வெளியே என்ன நடக்கிறதென்று உள்ளே இருப்பவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. அக்கா நகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோதிரம் இல்லாமலே மோதிரத்தைக் காட்டுகிற பழக்கத்தில். "எத்தனை நாள் நிக்கும்?" "மூணு வாரம் நிக்குமுங்க்கா. நல்லாவே நிக்கும்." "அம்மாடி, மூணு வாரமா! நல்லதாப் போச்சு, அடிக்கடி கடையில லீவு சொல்லீட்டு ஓடியாறது பெரிய ரோதனையா இருந்துச்சு." ஜெசிந்தா தலையை ஆட்டினாள். ஆமாம், ரோதனைதானே. இனி ஒரு வேலைதான் பாக்கி. எல்லாம் இறுகி முடிந்தபின் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், பத்து விரலுக்கும். இத்தனை நேரம் எது ஆகாதோ அதுவே இப்போது வேண்டும். இந்த வேலைக்குக் கையுறை தேவையில்லை, எத்தனை அழுத்தித் தேய்த்தாலும், எத்தனை நேரம் விரலை வைத்திருந்தாலும் ஒன்றும் பேராது. இதை மற்றவர்களுக்குப் பிரஷ்ஷால் அரை நிமிஷத்தில் முடித்துவிடுவாள். கையுறையைக் கழற்றினாள். வெளுத்துச் சுருங்கின விரல்களைத் துணியில் துடைத்தாள். சின்னப் புட்டியிலிருந்து பாதாமெண்ணெய் ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டு, சூடு வரட்டும் என்று சுட்டுவிரலால் மெல்ல உரசினாள். நிமிர்ந்தபோது அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய்ங்க்கா..."

"எண்ணெய் கெடக்கட்டும் அம்மிணி, வூட்டுலதான் அவருக்குத் தேய்க்கப் போறனே, அதுலயே எனக்கும் ஆச்சு. இந்நேரம் முழிச்சிருப்பாரு." மேடத்திடம் ஏதோ சொன்னாள், மேடம் சிரித்தார், லாவண்யா "மாமாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். கண்ணாடிக் கதவு திறந்து, கிராஸ் கட் ரோட்டின் இரைச்சல் ஒரு வாய் உள்ளே வந்து, மூடிக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கியது. புதுச் செருப்பு போலிருக்கிறது, இதுவரை கவனிக்கவில்லை.

"ஜெசி, மூணரை மணி ஆளு வந்தாச்சு" என்றார் மேடம், நிமிராமல், குரலை உயர்த்தாமல். ஜெசிந்தாவின் கட்டைவிரலில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது, இதமான சூட்டுக்கு வந்திருந்தது. தன் இடது மோதிர விரலைத் தூக்கிப் பார்த்தாள், பாதியில் நின்றது. கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோய், ஒட்ட வெட்டியிருந்த வெறும் நகத்தின் அடிப்பக்கத்தில் வைத்தாள். வைத்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு கையை மேஜைமேல் வைத்தார்கள். கையுறை போடுமுன் எண்ணெயைத் துடைத்தாக வேண்டும். துடைக்கலாம், இதோ, ஒரு நிமிஷம்.